கடைத்தெருவின் முகம்

ஒரு நகரத்துக்கு வருவோர் முதலிற் காண்பது அதன் கடைத்தெருவையேயாம். கோயிற் கோபுரமும் கல்லூரி மண்டபமும் பின்னரே கண்ணிற்படும். ஆதலாற் கடைத்தெருவை நகரின் முகம் எனல் பொருந்தும். அம்முகம் ஊர்தோறும் ஒன்றாகி வருதலைப் பற்றிச் சில கூற விழைகின்றோம்.

பட்டினப்பாலையைக் கற்பிக்குந்தோறும், காவிரிப்பூம்பட்டினத்துக் கொடிகளைக் கூறும் பகுதியில் நாம் சற்றுத் தரித்து நிற்பதுண்டு. வாதுக்கு அழைக்கும் ஆசிரியர் ஏற்றிய கொடி வேறு. துறையில் நின்ற மரக்கலங்களின் கொடி வேறு. கள் விற்போர் கட்டிய கொடி வேறு. ஒவ்வொன்றும் தன் கீழ் நிகழ்வது யாதென உணர்த்திற்று. இக்காலப் பெருவணிக நிறுவனம் உயர்த்தும் கொடியோ எவ்வூரிலும் ஒன்றே.

சில ஆண்டுகளுக்கு முன், தம் ஊர்க் கடைத்தெருவைப் பற்றிக் கட்டுரை வரையுமாறு மாணவரைப் பணித்தோம். வெவ்வேறு ஊரினரான இருவர் எழுதியவை, ஒன்றைப் பார்த்து மற்றொன்றை எழுதியவை போலிருந்தன. விசாரித்தபோது பிள்ளைகள்மீது குற்றமில்லை. கண்ணாடி முகப்பு, அலுமினியத் தகடு, மின்னொளிப் பெயர்ப்பலகை என இருவரும் கண்டதையே எழுதியிருந்தனர்.

இதன் காரணம் மறைபொருளன்று. நூறு கிளைகளுக்கு நூறு வரைபடம் வரைவதிலும் ஒன்றையே நூறு முறை பயன்படுத்தல் செலவிற் சுருங்கியது. கொள்வோரும் நிறத்தைத் தொலைவிற் கண்டே கடையை அறிவர். தூய்மையும், விலை குறித்த பண்டமும், இளைஞர்க்கு வேலையும் இவற்றால் வந்தமையை மறுத்தல் முறையன்று. எனினும், பழைய கடைகளின் ஓட்டுக்கூரையும் தூண் நிரையும் அகன்ற விறாந்தையும் வெறும் அலங்காரமல்ல. வெயிலிலும் மாரி மழையிலும் வழிப்போக்கர் ஒதுங்க அவை இடமளித்தன. கண்ணாடி முகப்போ வெயிலை உள்ளே விட்டு, அவ்வெம்மையைக் குளிரூட்டியால் அகற்ற முயல்கின்றது. தெருவில் நிற்பார்க்கு நிழல் தருவதில்லை.

வணிகம் பெருகின் அழகு அழியவேண்டுமென்பது விதியன்று. கொழும்புக் கோட்டையில் கார்கில்ஸ் நிறுவனம் 1906 இல் நிறைவு செய்த செந்நிறக் கட்டடம் இன்றும் யோர்க் வீதிக்கு அணி செய்கின்றது. அதுவும் வணிகர் எழுப்பியதே. அமெரிக்காவில், செம்மலைகள் சூழ்ந்த செடோனா நகரில், மக்டொனால்ட்ஸ் உணவகம் 1993 இல் அமைந்தது. அதன் மஞ்சள் வளைவுகள் அந்நிலத் தோற்றத்துக்கு ஒவ்வா என ஊரார் கருதினர். ஆங்கு அவ்வளைவுகள் நீலப்பச்சை நிறமாயின. கேட்ட ஊருக்கு நிறுவனம் இணங்கிற்று. கேளாத ஊருக்கு வழமையான வரைபடமே வந்து சேர்கின்றது.

கேட்கவேண்டியவர் யாவர்? மாநகர சபையும் நகர சபையும் கட்டட அனுமதி வழங்குமிடத்துக் கேட்கலாம். அவற்றுக்கும் முன்னே கேட்கத்தக்கவர் கட்டடத்துக்கு உரியவரே. எமது கடைத்தெருவின் பழைய கட்டடங்கள் பலவற்றுக்கு உரியோர் இக்கல்லூரியின் பழைய மாணவராவர். சிலர் கொழும்பிலும் சிலர் கடல் கடந்தும் வாழ்கின்றனர். தந்தையார் கட்டிய கடையை நிறுவனத்துக்கு வாடகைக்கு விடுதல் தவறன்று. கூரையும் தூண்களும் விறாந்தையும் மாற்றப்படலாகா என்னும் ஒரு வரியைக் குத்தகை உறுதியிற் சேர்க்குமாறே அவர்களை வேண்டுகின்றோம். அடுத்த விழாவுக்கு வந்து பஸ்ஸை விட்டிறங்குங்கால், பெயர்ப்பலகையை வாசியாமலே இஃது எம்மூர் என அவர்கள் அறிதற்கு அவ்வொரு வரி போதுமானது.