பாடியதும் பாடாததும்

வயதாகிக்கொண்டு வருகிற ஒரு பாட்டுக்காரி என்ன செய்ய வேண்டும் என்பதைப் பற்றி உலகத்தில் எல்லோருக்குமே ஓர் அபிப்பிராயம் இருக்கிறது. 'கௌரவமாக ஒதுங்கிக்கொள்ளலாமே' என்பார் ஒருவர். 'பேர் வாங்கிக் கொடுத்த பழைய பாட்டுக்களையே பாடிக்கொண்டிருந்தால் போதாதா?' என்பார் இன்னொருவர். 'பழையதையே எத்தனை நாளைக்குப் பாடுவது? புதிதாக ஏதாவது செய்ய வேண்டாமா?' என்பார் மூன்றாமவர். இந்த மூன்று யோசனைகளும் கதை எழுதுகிறவனுக்கும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆகையால்தான், அமெரிக்கப் பாடகி மடோனா தம்முடைய இசைத்தட்டுக் கம்பெனியை விட்டு விலகிய கதையை நான் கொஞ்சம் சொந்த அக்கறையோடு கவனித்து வந்திருக்கிறேன்.

அந்த அம்மாளின் பாட்டு எனக்குப் பிடிக்குமா என்று நீங்கள் கேட்கக்கூடும். சில பாட்டுக்கள் பிடிக்கும். சில பாட்டுக்களுக்கு என் காது கொஞ்சம் மூத்துவிட்டது. ஆனால் இங்கே விஷயம் பாட்டு அல்ல; பாடுகிறவருக்கும் பாட்டுக்கும் நடுவே உட்கார்ந்திருக்கிற கம்பெனி.

மிச்சிகன் மாநிலத்தில் 1958-ல் பிறந்தவர் மடோனா. ஐந்து வயதில் தாயை இழந்தவர். நடனக்காரியாக வேண்டும் என்று 1978-ல் நியூயார்க் நகரத்துக்கு வந்து, அரைப் பட்டினியும் முழுப் பிடிவாதமுமாகக் காலம் தள்ளினார். 1982-ல், ஸைர் என்ற இசைத்தட்டுக் கம்பெனியின் அதிபர் ஸீமோர் ஸ்டைன், இருதய நோய்க்காக ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தபோது இவருடைய பாட்டைக் கேட்டார். உடனே அழைத்து வரச் சொன்னார். கட்டிலில் இருந்தபடியே பேரத்தை முடித்தார். ஸைர் கம்பெனி, வார்னர் என்ற பெரிய குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்பத்தோடு மடோனா கால் நூற்றாண்டு காலம் இருந்தார். உலகம் முழுவதும் தெரிந்த பேராக அவர் ஆனது அந்த வீட்டில் இருந்தபடிதான்.

2007-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில் அவர் அதை விட்டுப் புறப்பட்டார். அப்போது அவருக்கு வயது 49. போய்ச் சேர்ந்த இடம் இன்னொரு இசைத்தட்டுக் கம்பெனி அல்ல; ஊர் ஊராகக் கச்சேரி நடத்துகிற லைவ் நேஷன் என்ற கம்பெனி. பத்து வருஷ ஒப்பந்தம். சுமார் 12 கோடி டாலர் என்று பத்திரிகைகள் எழுதின. புதிய ஆல்பங்கள், மேடைக் கச்சேரிகள், அவர் பேர் போட்டு விற்கும் சட்டைகள் எல்லாமே ஒரே கூரையின் கீழ் வந்தன.

இதில் தந்திரம் ஒன்றும் இல்லை, கணக்குத்தான் இருந்தது. இன்டர்நெட் வந்த பிறகு, காசு கொடுத்துத் தட்டு வாங்குகிற பழக்கம் உலகத்தில் நாளுக்கு நாள் தேய்ந்துகொண்டு வந்தது. தட்டுக்குக் காசு கொடுக்க மனம் இல்லாத அதே மனிதர்கள், கச்சேரி டிக்கெட்டுக்கு மட்டும் எத்தனை டாலர் ஆனாலும் கொடுத்தார்கள். பாட்டைத் திருடலாம், பாடுகிறவர் முன்னால் நிற்கிற அனுபவத்தைத் திருட முடியாது. அவர் அதைச் சரியாகவே கண்டுகொண்டார்.

இந்தக் கதையை நான் வீட்டில் சொன்னபோது என் மனைவி ஒரு கேள்வி கேட்டாள்.

"அதுவரைக்கும் பாடின பாட்டெல்லாம்?"

"தட்டுக்கள் பழைய கம்பெனியோடுதான். மேடையில் பாடிக்கொள்ளலாம். பதிவு அவர்களுடையது."

"புரிகிறது. நகையைப் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போகலாம். ஆனால் பெட்டிச் சாவி மாமியார் இடுப்பில்."

வக்கீல்கள் எத்தனையோ பக்கங்களில் எழுதுகிற விஷயத்தை இவ்வளவு சுருக்கமாக யாரும் சொல்லிவிட முடியாது. கலைஞர் ஒருவர் தம்மை வளர்த்த கம்பெனியை விட்டுப் புறப்படும்போது, பெரும்பாலும் பாடினதை எடுத்துக்கொண்டு போக முடிவதில்லை. பாடாததைத்தான் எடுத்துக்கொண்டு போகிறார். இனிமேல் வரப்போகிற பாட்டும், தம்முடைய உடம்பும்தான் அவருக்கு மூலதனம்.

முதலில் எல்லாம் பிரமாதமாகவே நடந்தது. 2008-லும் 2009-லும் அவர் நடத்திய சுற்றுப்பயணத்தில் 85 கச்சேரிகள். வசூல் 40 கோடி டாலருக்கு மேல். தனிப் பாடகர் ஒருவரின் சுற்றுப்பயணம் அதுவரை அவ்வளவு சம்பாதித்ததில்லை. ஆனால் கச்சேரிக் கம்பெனிக்குக் கொட்டகை கட்டத் தெரியுமே ஒழிய, தட்டு விற்கிற கடை கிடையாது. எனவே 2011 கடைசியில் மூன்று ஆல்பங்களுக்காக இன்டர்ஸ்கோப் என்ற இசைத்தட்டுக் கம்பெனியோடு இன்னோர் ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டியிருந்தது.

அந்த மூன்றில் முதலாவது 2012-ல் வெளிவந்தது. கச்சேரி டிக்கெட் வாங்கினவர்களுக்கு ஆல்பமும் சேர்த்துக் கொடுத்ததால், அமெரிக்காவில் முதல் வாரத்தில் 3½ லட்சம் பிரதிகளுக்கு மேல் கணக்கில் ஏறியது. அடுத்த வாரமே 50,000-க்கும் கீழே இறங்கிவிட்டது. அதே வருஷத்துச் சுற்றுப்பயணமோ 30 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது! ஜனங்கள் சொல்லாமல் சொன்னது இதுதான்: 'உங்களைப் பார்க்க வருகிறோம் அம்மா, புதிய பாட்டுக்காக அல்ல.'

அவர் அதற்கு எளிதில் இணங்கவில்லை. அந்தக் கச்சேரிகளில் புதிய பாட்டுக்களையே நிறையப் பாடினார். 1984-ல் உலகத்தையே ஆட வைத்த ஒரு பாட்டை, பியானோவை மட்டும் துணைக்கு வைத்துக்கொண்டு, துக்கம் விசாரிக்கிற மாதிரி மெல்ல மெல்லப் பாடினார். ஆட வந்தவர்களுக்கு ஏமாற்றம். எனக்கோ, அந்த இடத்தில்தான் அவர் மேல் மதிப்புக் கூடிற்று. 26 வயதில் பாடினதை 54 வயதில் அதே குதிப்போடு பாடுவது பொய் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

உடம்பை மூலதனமாக வைத்தால் உடம்பு ஒருநாள் கணக்குக் கேட்கும். 2015-ல் லண்டன் மேடையில், கழுத்தில் கட்டிய அங்கி அவிழாமல் இழுக்கப்பட்டு, படிகளிலிருந்து பின்பக்கமாக விழுந்தார். எழுந்து பாட்டை முடித்தார். பிறகு லிஸ்பன் நகரத்தில் சில வருஷம் குடியிருந்தார். அங்கே கேட்ட போர்ச்சுகீசிய, ஆப்பிரிக்க இசையைச் சேர்த்து 2019-ல் ஓர் ஆல்பம் செய்தார். பெரிய மைதானங்களை விட்டு, சின்னச் சின்ன நாடகக் கொட்டகைகளில் பாடினார். முழங்காலும் இடுப்பும் வலித்துப் பல கச்சேரிகளை ரத்து செய்ய நேர்ந்தது. 2020 மார்ச்சில் கொரோனா வந்து மிச்சத்தையும் நிறுத்திவிட்டது. கச்சேரிக் கம்பெனி பணம் கொடுத்து வாங்கியது குரலை மட்டும் அல்ல, முழங்காலையும் சேர்த்துத்தான் என்று அப்போது எனக்குத் தோன்றியது.

2021 ஆகஸ்டில், அவருடைய 63-வது பிறந்த நாளன்று, வார்னரோடு மறுபடி கைகோத்த செய்தி வந்தது. பழைய பதிவுகளை எல்லாம் அவருடைய மேற்பார்வையில் திரும்ப வெளியிடுவது என்று ஏற்பாடு. 2023-ல் 40 வருஷப் பாட்டுக்களையும் தொகுத்து ஒரு சுற்றுப்பயணம் அறிவித்தார். இந்தத் தடவை விற்பதற்குப் புதிய ஆல்பம் எதுவும் இல்லை. புறப்படுவதற்கு மூன்று வாரம் இருக்கும்போது கடுமையான தொற்றுநோயால் ஆஸ்பத்திரியில் விழுந்தார். பிழைத்து எழுந்து அக்டோபரில் லண்டனில் தொடங்கி, 2024 மே மாதம் ரியோ நகரத்துக் கடற்கரையில் இலவசக் கச்சேரியோடு முடித்தார். அன்று கூடியவர்கள் 16 லட்சம் பேர் என்று மதிப்பிட்டார்கள். 2025 செப்டம்பரில், அடுத்த வருஷம் தம்முடைய புதிய நடன ஆல்பம் வார்னரிலேயே வெளிவரும் என்று அறிவித்தார்.

"பார்த்தீரா? சுற்றிச் சுற்றிக் கடைசியில் பழைய வாசலுக்கே வந்துவிட்டார். தோல்விதானே?" என்றார் ஒரு நண்பர்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. என் முதல் நாவலின் முழு உரிமையையும் ஒரு பதிப்பாளருக்குக் கொடுத்தேன். அன்றைக்கு அந்தப் பணம் வீட்டில் விளக்கேற்றியது; அதைப் பற்றி எனக்குக் குறை இல்லை. அதன் பிறகு ஐந்து நாவல்கள் வெவ்வேறு இடங்களில் எழுதிவிட்டேன். நூலக ஆண்டு விழாவுக்குப் போனால் தலைவர் முதல் நாவலின் பேரைச் சொல்லித்தான் என்னை அறிமுகப்படுத்துகிறார். கூட்டம் முடிந்ததும் ஓர் அம்மாள் வந்து, "அந்தக் கதையில் கடைசியில் அந்தப் பெண் என்ன ஆனாள்?" என்று கேட்கிறார். நான் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போது, அந்தப் புத்தகத்தின் புதிய பதிப்பு வேறொருவர் மேஜையில் விற்றுக்கொண்டிருக்கும். கோபம் வருவதில்லை. ஆனால் அந்தப் பெண்ணோடு எனக்கு இன்னும் உறவு இருக்கிறது என்பதை யாராவது ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தால் தேவலை என்று இருக்கும்.

ஆகவே அந்த அம்மாள் திரும்பிப் போனதில் எனக்கு வியப்பு இல்லை. ஜனங்கள் நெஞ்சில் வைத்திருக்கும் பாட்டுக்கள் அந்த வீட்டுப் பெட்டியில் இருந்தன. அவற்றின் பக்கத்தில் உட்கார்ந்து, எதை எப்படி வெளியிடுவது என்று சொல்லும் இடம் அவருக்கு வேண்டியிருந்தது. இருபதுகளில் அந்த வாசலுக்கு வந்தபோது கேட்டது ஒரு சந்தர்ப்பம். 63 வயதில் வந்தபோது பேசியது ஏற்பாடு. இரண்டுக்கும் நடுவே வெளியே இருந்த வருஷங்கள் இல்லாவிட்டால் இந்த இரண்டாவது பேச்சு நடந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்.

இன்னொன்றும் இருக்கிறது. வெளியே இருந்தபோது செய்த மூன்று ஆல்பங்கள் முன்போல விற்கவில்லை என்கிறார்கள். இருக்கட்டும். அந்த மூன்றும் 2025 முதல் பழையவற்றோடு ஒரே இடத்தில் சேர வேண்டும் என்று அந்த ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொண்டார். பாடாததை எடுத்துக்கொண்டு புறப்பட்டவர், அதைப் பாடி முடித்துக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார். விற்றதும் விற்காததும் ஒரே அலமாரியில் இருக்க வேண்டும் என்று நினைப்பவரைத்தான் நான் கலைஞர் என்பேன்.

என் புதிய நாவலுக்குப் பதிப்பாளர் ஒப்பந்தம் அனுப்பியிருந்தார். 'ஐந்து வருஷத்துக்கு மட்டும்' என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். அவர் சிரித்தார், ஆனாலும் சேர்த்துவிட்டார். என் மனைவி சிரிக்கவில்லை. காகிதத்தை வாங்கி, அந்த வரியை மட்டும் இரண்டு தடவை படித்துவிட்டு, பீரோவில் வைத்துப் பூட்டினாள்.