வலி வராத நாளின் மாத்திரை

இரவு இரண்டு மணிக்கு வரும். வலக்கண்ணுக்குப் பின்னால் காய்ச்சிய கம்பியைச் செருகியது போலிருக்கும். அந்தக் கண்ணில் மட்டும் நீர் வழியும். அந்தப் பக்கத்து மூக்கு மட்டும் அடைத்துக்கொள்ளும். ஒற்றைத் தலைவலிக்காரர்கள் இருட்டறையில் அசையாமல் கிடப்பார்கள். எனக்குப் படுக்கவே முடியாது. கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடப்பேன். சுவரில் முட்டிக்கொண்டுவிடுவேனோ என்று மனைவி குறுக்கே நிற்பாள். ஒரு மணி நேரத்தில் வந்த சுவடின்றிப் போய்விடும். ஐப்பசியில் தொடங்கி இரண்டு மாதம் இப்படி. பிறகு அடுத்த ஐப்பசிவரை ஒன்றுமில்லை.

சைனஸ் என்றார்கள். ஒரு பல்லையும் பிடுங்கினார்கள். ஆறாவது ஆண்டில்தான் ஒரு நரம்பியல் மருத்துவர் 'கொத்துத் தலைவலி' என்று பெயர் சொன்னார். பெயர் கிடைத்ததே எனக்குப் பாதி ஆறுதல் (தமிழாசிரியன் புத்தி!).

வந்த வலியைத் தணிக்க, முகமூடி வழியே ஆக்சிஜன். வராமல் தடுக்க, வெரபாமில். இரத்த அழுத்தத்துக்கும் இதய நோய்க்கும் தரப்படும் மாத்திரை அது. சிறிது சிறிதாகத்தான் அளவை ஏற்றவேண்டும். அது வேலை செய்யத் தொடங்கும்வரை தாக்குப்பிடிக்கச் சில நாள் ஸ்டீராய்டு. ஒவ்வொரு முறை ஏற்றும்போதும் இ.சி.ஜி. எடுக்கவேண்டும். இதயத்துக்குள் செல்லும் மின்துடிப்பை இம்மருந்து தாமதப்படுத்தக்கூடும்.

நாளொன்றுக்கு 240 மில்லிகிராமில் தொடங்கினோம். 480 ஆனபோது வலி நின்றது. பன்னிரண்டு இரவுகள் தூங்கினேன். அடுத்த இ.சி.ஜி.யில் அந்தத் தாமதம் தெரிந்தது. மருத்துவர் 360க்கு இறக்கினார். நான்காம் இரவு, இரண்டு மணி, அதே கம்பி.

வருமுன் காப்பதைப் பற்றி இருபது ஆண்டுகளாக வகுப்பில் பேசுபவன் நான். மறுநாள், மருத்துவர் சொன்னதை மீறி ஒரு மாத்திரையைக் கூடுதலாகக் கையில் எடுத்தேன். வலியில்லாத, தெளிவான மாலைப்பொழுதில்தான். இதயம் நின்றாலும் நிற்கட்டும், அந்த ஒரு மணி நேரம் வேண்டாம் என்றிருந்தது. மனைவி பார்த்துவிட்டாள்.

"உங்க தலையைப் பிடிச்சிக்கிட்டு நிக்க எனக்குத் தெரியும். நெஞ்சு நின்னா எதைப் பிடிக்கிறது?"

மாத்திரை அட்டை அன்றிலிருந்து அவளுடைய அலமாரியில் இருக்கிறது.

மருத்துவரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் கடிந்துகொள்ளவில்லை. பின்தலை நரம்பருகே ஒரு ஸ்டீராய்டு ஊசி போட்டார். அதற்கும் சரிப்படாவிட்டால் லித்தியம் இருக்கிறது, அதற்கு இரத்தப் பரிசோதனை வேண்டும் என்றார். அதுவரை போகவில்லை. இப்போது 360இலேயே இருக்கிறேன். வலியின்றிச் சில வாரம் கழிந்தபின் படிப்படியாகக் குறைக்கவேண்டும்.

இரண்டு மணிக்கு விழிப்பு மட்டும் தவறுவதில்லை. வலக்கண்ணைத் தொட்டுப் பார்க்கிறேன். ஈரமில்லை. கூடத்தில் விளக்கைப் போட்டு, பருவத்தேர்வு விடைத்தாள்களில் நாலைந்து திருத்துகிறேன். மூன்று மணி அடித்தபின் போய்ப் படுக்கிறேன்.