தியாகராய நகரும் என் தன்பதிவேடும்

தேர்தல் பேச்சு ஆரம்பித்துவிட்டால் எங்கள் ஆம்பூர் டீக்கடையில் ஒரு கேள்வி தவறாமல் வரும். "முதலாளி எம்.எல்.ஏ. ஆனா ஊருக்கு நல்லதா, அவருக்கு நல்லதா?" போன வாரமும் வந்தது. ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். நான் மட்டும் வாயைத் திறக்காமல் டீயைக் குடித்துவிட்டு வந்தேன். ஏன் என்பதை இங்கே எழுதிவிடுகிறேன்.

நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு மீடியத்தில். அப்பா காலமானதும் மாமா எங்களை ஆம்பூருக்கு அழைத்து வந்துவிட்டார். அவர் ஒரு தோல் ஷாப்பில் கணக்குப்பிள்ளை. அவர் சம்பளத்தில்தான் நாங்கள் சாப்பிட்டோம்.

1971-இல் அக்கா கல்யாணத்துக்குத் துணி எடுக்க மாமாவுடன் சென்னைக்குப் போனேன். பெரியமேட்டுத் தோல் மண்டியில் அவர் வேலையை முடித்துக்கொண்டு தி.நகர் பஸ் ஏறினோம். "இது திருவையாறு தியாகய்யர் பேருதானே மாமா?" என்று கேட்டேன். மாமா விழுந்து விழுந்து சிரித்தார். "பிரெஞ்சு படிச்ச லட்சணம் இதுதானா மாப்ளே! இவரு பிட்டி தியாகராயச் செட்டியாருடா. நெசவு, தோலு, உப்புன்னு யாவாரம் பண்ண குடும்பம். நம்ம தொழில் தெரிஞ்ச மனுசன்" என்றார்.

பிறகுதான் அவரைப் பற்றித் தேடிப் படித்தேன். 1852-இல் பிறந்தவர். மாநிலக் கல்லூரியில் பி.ஏ. சொந்தத் தறிக்கூடம் வைத்து, நாடா விசையில் ஓடும் கைத்தறி முறையைப் பரப்பியவர். 1882 முதல் 1923 வரை சென்னை மாநகராட்சியில் உறுப்பினர், பின்னாளில் தலைவர். 1916-இல் டாக்டர் நடேச முதலியார், டி.எம்.நாயர் ஆகியோருடன் சேர்ந்து நீதிக்கட்சியைத் தொடங்கினார். 1920 சட்டசபைத் தேர்தலில் அந்தக் கட்சி ஜெயித்தது. கவர்னர் வில்லிங்டன் பிரபு இவரைத்தான் முதலமைச்சராகக் கூப்பிட்டார். செட்டியார் வேண்டாம் என்றார். கடலூர் சுப்பராயலு ரெட்டியார் பதவியேற்றார். காங்கிரஸ் ஒதுங்கி நின்ற தேர்தல்தானே அது என்பார்கள். உண்மைதான். ஆனால் கைக்கு வந்த நாற்காலியை விட்டுக்கொடுத்தவர் எத்தனை பேர்?

அதே 1920-இல் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்கு மதிய உணவு போட வழி செய்தார். ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக் கூடாது என்பது கணக்கு. அணா கணக்கு வியாபாரிக்கு வராமல் யாருக்கு வரும்? வியாபாரி பொதுக் காரியத்துக்கு வந்தால் இந்தக் கணக்கு ஊருக்கு லாபம்.

இதைச் சொல்லிவிட்டு நான் டீக்கடையில் பெருமையாக உட்கார்ந்திருக்கலாம். முடியவில்லை. காரணம், 1980-களில் நடந்த ஒன்று.

அப்போது நான் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர். பாலாற்றங்கரைக் கிராமத்திலிருந்து ஒரு மனு வந்தது. கிணற்றுத் தண்ணீர் பழுப்பாகிவிட்டது, தென்னை கருகுகிறது, ஷாப்புத் தண்ணீரை நிறுத்துங்கள் என்று எழுதியிருந்தார்கள். அதில் குறிப்பிட்டிருந்தது என் மாமா வேலை பார்த்த ஷாப்பு.

தன்பதிவேட்டில் ஒழுங்காகப் பதிந்தேன். பிறகு அந்தத் தாளை பைல் கட்டுக்கு அடியில் வைத்துவிட்டேன். மூன்று மாதம். முதலாளி சொல்லவில்லை, மாமா சொல்லவில்லை, எந்த எம்.எல்.ஏ.வும் போன் செய்யவில்லை. நானாகச் செய்தேன். மனு கொடுத்த பெரியவர் ஒரு நாள் நேரில் வந்து, "ஐயா, பாத்து செய்யுங்க" என்று என்னைக் கும்பிட்டார். அன்று சாயங்காலமே அதை மேலே அனுப்பினேன். தாமதம் ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

28.8.1996 அன்று, வேலூர் குடிமக்கள் நலமன்றம் போட்ட வழக்கில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. கெடுத்தவனே ஈடு கட்ட வேண்டும் என்றது. தோல் தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம். தோல் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் நிலம் முழுதாகவோ ஓரளவோ பயிருக்கு லாயக்கற்றுப் போனது என்றும் அதில் இருந்தது. படித்தபோது அந்தப் பெரியவர் கும்பிட்ட கைதான் கண்ணில் நின்றது.

பிரெஞ்சில் 'ழுய்ழ் ஏ பர்த்தி' என்பார்கள். நீதிபதியும் அவரே, வழக்காடுபவரும் அவரே என்று அர்த்தம். முதலாளி எம்.எல்.ஏ.வைப் பற்றி நாம் பயப்படுவது அதற்குத்தான். அதற்குக் கோடி ரூபாய் வேண்டியதில்லை, மாமா வீட்டுச் சோறே போதும் என்பதை நான் கண்டேன்.

ஆகவே டீக்கடை நண்பர்களே, இதுதான் என் பதில். அவர் என்ன தொழில் செய்தார் என்று கேட்காதீர்கள். தன் ஷாப்பைப் பற்றிய மனு வந்தால் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருப்பாரா என்று கேளுங்கள். நான் எழுந்திருக்கவில்லை.