தொட்டிலும் திசைகாட்டியும்

ஓட்டப் பந்தயம் என்றதும் வேகமே நம் நினைவுக்கு வருகிறது. வேகத்தோடு விவேகத்தையும் சோதிக்கும் பந்தயம் ஒன்று உண்டு. அதற்கு ஓரியண்டீரிங் என்று பெயர். வரைபடமும் திசைகாட்டியுமே ஓடுபவருக்குத் துணை. காட்டிலும் வெளியிலும் வைக்கப்பட்ட, வெள்ளையும் செம்மஞ்சளும் கலந்த அடையாளங்களை வரிசை தவறாது கண்டு, விரைவில் திரும்ப வேண்டும். சேரவேண்டிய இடங்கள் முன்னரே குறிக்கப்பட்டவை. அவற்றுக்கிடையே செல்லும் வழியையோ ஓடுபவரே தேர்ந்துகொள்ள வேண்டும். வடஐரோப்பாவில் படைவீரர் பயிற்சியாகத் தோன்றிய இவ்விளையாட்டில், பொதுமக்களுக்கான முதற் போட்டி 1897ஆம் ஆண்டு நார்வேயில் நடைபெற்றது.

கல்லூரி நாட்களில் தேசிய மாணவர் படையில் வரைபடம் படிக்கக் கற்றபோது எனக்கு இதில் பற்று ஏற்பட்டது. காஞ்சிபுரத்தில் வளர்ந்தவர்களுக்குத் திசை அறிவது புதிதன்று. கிருஷ்ணதேவராயர் 1509இல் எழுப்பிய ஏகாம்பரநாதர் கோவில் இராஜகோபுரத்தைக் கொண்டே சிறுவயதில் நாங்கள் வீட்டுக்கு வழி கண்டோம்.

எங்கள் மகளுக்கு ஏழு மாதம் நிறைந்தபோது, ஏரிக்கரையை ஒட்டி நடந்த ஒரு சிறு போட்டிக்கு நானும் கணவரும் பெயர் கொடுத்தோம். "பிள்ளை பெற்றவளுக்கு ஓட்டம் எதற்கு?" என்று உறவினர் வினவினர். குழந்தையை யார் பார்ப்பது என்பதே எங்கள் கவலை. மேலைநாடுகளில் இதற்கு ஓர் அழகிய வழக்கம் உண்டு. பெற்றோருள் ஒருவர் முதலில் ஓடித் திரும்பி, குழந்தையை ஏற்றுக்கொண்ட பின்னரே மற்றவர் புறப்படுமாறு நேரம் ஒதுக்குவார்கள். நாங்களும் அவ்வாறே கேட்டுப் பெற்றோம்.

மகளுக்குப் பாலூட்டிவிட்டு நான் முதலில் புறப்பட்டேன். நான்காம் அடையாளத்திற்கு இரு வழிகள் இருந்தன. ஒன்று, கருவேலம் புதரின் ஊடே செல்லும் குறுக்குவழி. மற்றொன்று, ஏரிக்கரை வழியாகச் செல்லும் நீண்ட வழி. முன்பாக இருந்தால் தயங்காமல் புதரில் நுழைந்திருப்பேன். அன்று கரைவழியே சென்றேன். அச்சத்தால் அன்று, எனக்காக ஒருத்தி காத்திருக்கிறாள் என்ற நினைவால். அவளுடைய பசிவேளையைக் கடிகாரத்திற்கு முன்பே என் உடல் உணர்த்தியது. திரும்பி வந்து மகளை வாங்கிக்கொண்டேன், கணவர் ஓடினார். பரிசு எதுவும் எங்களுக்குக் கிட்டவில்லை.

சுவிட்சர்லாந்து நாட்டின் சிமோனே நிக்லி இவ்விளையாட்டின் தலைசிறந்த வீராங்கனை. 2008இல் ஒரு மகளுக்குத் தாயானார். 2011இல் இரட்டைக் குழந்தைகளைப் பெற்றார். மறு ஆண்டே தம் தாய்நாட்டில் நடந்த உலகப் போட்டியில் மீண்டும் தங்கம் வென்றார். 2013இல் ஓய்வு பெற்றபோது அவருடைய உலகத் தங்கப் பதக்கங்கள் 23. ஓடியது அவர் கால்களே எனினும், மூன்று மழலைகளையும் அந்நேரங்களில் ஏந்திய கைகளை நான் எண்ணிப் பார்க்கிறேன்.

இவ்வுண்மை நம் ஊர்த் தறிகளுக்குப் புதிதன்று. கோர்வைச் சேலையில் உடலும் கரையும் வெவ்வேறு வண்ணம். அவற்றை இணைத்து நெய்ய ஒருவர் போதாது. கரையின் நாடாவை வீச இன்னொருவர் அருகில் அமரவேண்டும். பிள்ளையார்பாளையத்தில் கணவனும் மனைவியும் அவ்வாறு அமர்ந்து நெய்ய, பக்கத்தில் தூளி ஆடுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

பச்சிளங் குழந்தையோடு இரவோடிரவாக எகிப்துக்குப் புறப்பட்ட திருக்குடும்பத்திலும் அந்தச் சுமையை மரியன்னை தனியே சுமக்கவில்லை. சூசையப்பர் உடன் நடந்தார்.

நம் பங்கின் குடும்பத் தலைவர்களே, மாமியார்களே! இளந்தாய் ஒருத்தி பாடற்குழுப் பயிற்சிக்கோ, விட்டுப்போன படிப்பிற்கோ, விளையாட்டிற்கோ ஒரு மணி நேரம் கேட்டால், "எதற்கு?" என்று வினவாதீர்கள். குழந்தையை வாங்கிக்கொள்ளுங்கள். அவள் மகிழ்வோடு திரும்பி வருவாள். அம்மகிழ்ச்சியில் குழந்தைக்கும் பங்குண்டு.