செந்தூலில் ஒரு மோட்டார் கணக்கு

செந்தூலில் வளர்ந்தவனுக்கு இரும்பு வாசனை புதிதல்ல. இங்குள்ள ரயில்வே பட்டறையில்தான் தாத்தா வேலை பார்த்தார். 1945இல் நேச நாட்டு விமானங்களின் குண்டுவீச்சில் சிதைந்து, மீண்டு எழுந்த பட்டறை அது. "உடைஞ்சதத் தூக்கிப் போடாதே, சரி பண்ணு" என்பார்.

அந்தப் பேச்சை நம்பித்தான் மாமா விட்டுச்சென்ற 350 சிசி புல்லட்டை நானே பிரித்துக் கட்ட நினைத்தேன். கிரிக்கிலிருந்து ஜெலி வரை, யானை கடக்கும் கிழக்கு–மேற்கு நெடுஞ்சாலையில் அதை ஓட்ட வேண்டும் என்பது கனவு.

ஜாலான் ஈப்போ பக்கமுள்ள மெக்கானிக் அண்ணன் சிரித்தார். "கட்டலாம் தம்பி. ஆனா பிரேம், இன்ஜினை மாத்தினா ஜேபிஜே அனுமதி வேணும். காட்டுல நின்னுட்டா ஸ்பேர் யாரு தருவா? அதுசரி, உன் லைசன்ஸ் என்ன?"

பி2. 250 சிசி வரைதான். மூன்று மாதமாகக் கணக்குப் போட்டவன் அதைப் பார்க்கவே இல்லை!

கடைசியில் 250 சிசி வண்டி ஒன்றைத் தவணையில் வாங்கினேன். எந்த ஊரிலும் அதற்குப் பாகம் கிடைக்கும்; வீட்டில் மனைவியும் நிம்மதியாகத் தூங்குவாள். செந்தூல் தண்டாயுதபாணி கோயிலில் பூஜை போட்டு, எலுமிச்சம்பழத்தின்மேல் சக்கரத்தை ஏற்றிக் கிளம்பினேன்.

புல்லட்டை விற்கவில்லை. ஞாயிறுதோறும் ஒரு பாகத்தைக் கழற்றித் துடைக்கிறேன். பெரிய லைசன்ஸ் எடுக்கும் நாளில் அது தயாராக இருக்க வேண்டும். பயணத்துக்கு வாங்கிய வண்டி; தாத்தாவுக்காகக் கட்டும் வண்டி. இரண்டுக்கும் வாசலில் இடம் இருக்கிறது.