ஆடிட்டரை மாற்றாதீர்கள்!

டேஷ்போர்டில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தால் நம்மில் பலர், ஒன்று கண்டுகொள்ளாமல் ஓட்டுவோம். அல்லது மெக்கானிக் கேட்டதைக் கொடுத்துவிடுவோம். நடுவே பத்து நிமிஷ வேலை ஒன்று இருக்கிறது ஸார்.

புகை வெளியேறும் குழாயில் ஸ்பார்க் பிளக் ஜாடையில் ஒன்று திருகப்பட்டிருக்கும். ஆக்ஸிஜன் சென்சார். 1976-ல் வோல்வோ காரில் வந்தது, பாஷ் தயாரிப்பு. புகையில் மிச்சமிருக்கும் ஆக்ஸிஜனை மோப்பம் பிடித்து கம்ப்யூட்டரிடம் கோள் சொல்வதுதான் அதன் உத்தியோகம். ஆக்ஸிஜன் அதிகமென்றால் 0.1 வோல்ட், குறைவென்றால் 0.9. கம்ப்யூட்டர் அதைக் கேட்டுப் பெட்ரோலைக் கூட்டும், குறைக்கும்.

போன மாதம் என் காரில் விளக்கு எரிந்தது. ஒர்க்ஷாப்பில் ஸ்கேனரைச் செருகினார்கள். 'பி0171' என்றது. அதாவது, கலவையில் பெட்ரோல் போதவில்லை. "சென்சார் போச்சு ஸார், மாத்திடலாம்."

நான் பி.காம். நஷ்டம் என்று எழுதின ஆடிட்டரை மாற்றினால் லாபம் வந்துவிடுமா?

"அந்த வோல்ட்டைக் கொஞ்சம் ஓடவிட்டுக் காட்டுங்களேன்" என்றேன். அரை மனசோடு காட்டினார். சென்சார் 300 டிகிரிக்கு மேல் சூடானால்தான் ஒழுங்காகப் பேசும். சூடானபின் எண் மேலும் கீழும் துள்ள வேண்டும். என்னுடையது கீழேயே படுத்துக் கிடந்தது. ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று ஒரு அமுக்கு. 0.85! செத்த சென்சார் எழுந்து உட்காருமா?

மறுநாள் காலை, ஆறின இன்ஜினை ஸ்டார்ட் செய்து காதைக் கொடுத்தால் 'டிக் டிக்'. எக்ஸாஸ்ட் குழாய் இன்ஜினோடு சேருகிற இடத்தில் கேஸ்கெட் போயிருந்தது. ஓரமெல்லாம் கரி. புகை துடித்துத் துடித்துத்தான் வெளியேறும். இரண்டு துடிப்புக்கு நடுவே ஓட்டை வழியே வெளிக்காற்று உள்ளே போய்விடும். சென்சார் பாவம், அதையும் சேர்த்துக் கணக்குச் சொல்லும். கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கொட்டும். இப்படியே ஓட்டினால் அடுத்த பலி கேட்டலிடிக் கன்வர்ட்டர். அதன் விலைக்கு முன்னால் சென்சார் கொசுறு. போதாக்குறைக்கு அதே ஓட்டையில் கார்பன் மோனாக்ஸைடும் கசியும். வாசனை கிடையாது. குழந்தைகள் தூங்குகிற பின் சீட் வரைக்கும் வந்தாலும் தெரியாது.

கேஸ்கெட்டும் கூலியும் சென்சார் விலையில் கால்வாசிகூட ஆகவில்லை.

சில புதிய கார்களில் வேறு வகை சென்சார். இந்த வோல்ட் கணக்கு அங்கே செல்லாது. பழைய வகையிலும் நிஜமாகவே சென்சார் சாவதுண்டு. இன்ஜின் சூடான பிறகும் 0.45-லேயே ஆணியடித்த மாதிரி நின்றால் சந்தேகப்படலாம். அப்போதும் ஒயரை எலி கடித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பர்ஸைத் திறங்கள்.