நடு முதுகில் ஒரு கட்டி

நவம்பர் 12, செவ்வாய்

உவரி அந்தோணியார் கோவிலுக்குப் பெரியம்மாவைக் கூட்டிப் போனேன். உச்சி வெயில். அவளுடைய இடது கால் செருப்பு மணலில் கழன்று பத்தடி பின்னால் கிடந்தது. அவளோ வெறுங்காலோடு நடந்துகொண்டிருந்தாள். எடுத்துக் கொடுத்தேன். "ஏட்டி, மணலு சுடவே இல்ல பாத்துக்க" என்றாள். கருவாட்டுக் கூடை சுமந்தே 76 வயதைத் தொட்ட உடம்பு. இந்தக் கால் மரப்பை ஊரில் வாதம் என்கிறார்கள். இடுப்பு எம்ஆர்ஐயில் தேய்மானம் தவிர ஒன்றுமில்லையாம்.

நவம்பர் 18, திங்கள்

பாளையங்கோட்டை. நரம்பு டாக்டர் உள்ளங்காலில் சாவி நுனியால் கீறினார். கட்டைவிரல் கீழே மடங்காமல் மேலே நிமிர்ந்தது. பிறகு குண்டூசியால் காலிலிருந்து மேல்நோக்கிக் குத்திக்கொண்டே வந்தார். தொப்புளைத் தாண்டிய பிறகுதான் பெரியம்மா "வலிக்குய்யா" என்றாள். "கோளாறு இடுப்புல இல்ல ஆச்சி, அதுக்கு மேல."

தண்டுவடம் இடுப்பின் முதல் எலும்பை ஒட்டியே முடிந்துவிடுகிறது. கீழே இருப்பது நரம்புக் கொத்து. இடுப்பை மட்டும் படம் எடுத்தால் தண்டுவடத்தின் பெரும்பகுதி அதில் வராது.

நவம்பர் 20, புதன்

முதுகு எம்ஆர்ஐயில் தெரிந்துவிட்டது: நடு முதுகில் கட்டி. மெனிஞ்சியோமா. தண்டுவட உறையில் முளைப்பது, பெரும்பாலும் புற்று அல்ல. அபூர்வம், வருவதும் வயதான பெண்களுக்கே அதிகம். வருடக்கணக்கில் மெல்ல வளர்ந்து தண்டுவடத்தை நசுக்கும். மாத்திரைக்குக் கரையாது.

"இந்த வயசுல முதுகுல கத்தி வைக்கணுமா?" என்று அண்ணன் கேட்டான். இருதயம், நுரையீரல், சர்க்கரை மூன்றும் தாங்குமா என்பதுதான் கேள்வி, வயது அதற்கப்புறம் என்றார் டாக்டர். விட்டுவைத்தால் கால் முழுதும் விழும். மூத்திரம் கட்டுக்குள் இருக்காது. அப்புறம் படுக்கைப் புண், நெஞ்சுச் சளி. கத்தியைவிடக் கட்டில்தான் ஆபத்து என்று எனக்குப் பட்டது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைத் தேடி எடுத்தோம்.

இரவு படித்தது: 1887 ஜூனில் லண்டனில் விக்டர் ஹார்ஸ்லி, கில்பி என்ற ராணுவ கேப்டனின் தண்டுவடக் கட்டியை எடுத்தார். எக்ஸ்ரே வரவே இன்னும் 8 ஆண்டு இருந்தது. எந்த எலும்பைத் திறப்பது என்று உணர்ச்சி மரத்த எல்லையை வைத்தே கணித்திருக்கிறார்கள். கேப்டன் எழுந்து நடந்தார். நம் பக்கம் வேலூரில் ஜேக்கப் சாண்டி 1949இல் நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கினார், சென்னை ஜி.எச்.சில் பி. ராமமூர்த்தி 1950இல்.

டிசம்பர் 3, செவ்வாய்

ஆபரேஷன். ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிட்ட மாத்திரையை டாக்டர் முன்பே நிறுத்தச் சொல்லியிருந்தார். குப்புறப் படுக்க வைத்து, முதுகெலும்பின் பின்வளைவை எடுத்து, உறையைத் திறந்து, மைக்ராஸ்கோப்பில் பார்த்துக் கட்டியைத் துண்டு துண்டாக எடுத்திருக்கிறார்கள். தண்டுவடத்தை இழுக்கக் கூடாது. கட்டியைத்தான் உள்ளுக்குள் குடைந்து சுருக்க வேண்டுமாம். கடைசியில் தண்டுவட நீர் கசியாதபடி உறையைத் தைத்தாயிற்று.

டிசம்பர் 5, வியாழன்

உட்கார வைத்தார்கள். விரல் அசைந்தது. பிசியோதெரபி பையனைத் திட்டுகிற அளவுக்குத் தெம்பு வந்துவிட்டது.

டிசம்பர் 16, திங்கள்

பயாப்சி: முதல் கிரேடு, புற்று இல்லை. கட்டிக்குள் மணல்போலச் சுண்ணாம்புத் துகள்களாம். கடற்கரைக்காரிக்கு வேறென்ன இருக்கும்!

ஜனவரி 20, திங்கள்

வாக்கர் பிடித்து வாசல்வரை நடக்கிறாள். பாதத்தில் மரப்பு மிச்சம் இருக்கிறது; அது முழுதும் போகாமலும் இருக்கலாம். வருடக்கணக்கில் நசுங்கிய தண்டுவடம் அவசரத்துக்கு மீளாது. கட்டி திரும்ப முளைக்கிறதா என்று அவ்வப்போது ஸ்கேன் பார்க்க வேண்டும்.

வீட்டுப் பெரியவர்களுக்கு நடை தடுமாறி, இடுப்பு ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்றால் அத்தோடு விட்டுவிடாதீர்கள். நடு முதுகையும் கழுத்தையும் பார்க்க வேண்டுமா என்று டாக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள்.